ஓரத்தில் ஒரு மூக்கு

கோபிசெட்டிபாளையம்,
26 ஆகஸ்ட், செவ்வாய் இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஷ்ரவ்யா அதை வேதியியல் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தாள். அவள் வீட்டு விலாசம் உனக்கு நினைவிருந்தது எனக்கு ஆச்சரியம். அவள் அம்மாவுக்கும் தெரியுமாம். "லெட்டர்தானே, வந்துட்டுப் போகுது, போன் மட்டும் வேண்டாம்" என்று சொன்னார்களாம். நீ போன பிறகு என் போனை அப்பா வாங்கிக்கொண்டார். உனக்கு எழுதுவது அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்பதால் எல்லோரும் படுத்த பிறகு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

பொங்கல் முடிந்து நீ போன அன்று நான் உன் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். எழுந்து பார்த்தால் உன் தலையணை மட்டும் இருந்தது. என்னிடம் சொன்னால் உளறிவிடுவேன் என்று நினைத்திருக்கிறாய். அதற்காக இத்தனை மாதமும் உன்மேல் கோபமாக இருந்தேன். இப்போது பார்த்தால் நீ நினைத்தது சரிதான். நான் உளறிவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முத்தாத்தாள் அத்தையின் பேத்திக்குக் காதுகுத்து. மண்டபத்தில் எல்லோருக்கும் கொடுத்த தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு சின்ன டப்பாவும் இருந்தது. திறந்தால் ஆறு குக்கீஸ். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சுழி சுழியாக. குழந்தைகள் எல்லாம் அதைக் கண்ணாடி மாதிரி கண்ணில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். நான் ஒன்றை எடுத்துக் கடிக்கப் போனேன். ஓரத்தில் ஒரு மூக்கு இருந்தது.

அக்கா, அப்பா கடையில் துணி சுற்றி வருகிற அட்டைக் குழலை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, நீளவாக்கில் கீறி, மாவு உருளையை அதற்குள் வைத்துத்தானே நீ ஃப்ரிட்ஜில் வைப்பாய். கீறிய இடத்தில் மாவு பிதுங்கிக் கோடு போல நிற்கும். துண்டு போட்டால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு மூக்கு வரும். அதைச் சீவி எறி என்று நான் சொன்னால், "மூக்கில்லாம அது எப்படிடி மூச்சு உடும்" என்பாய். துணிக்கடை வீட்டில் பிறந்தவளைத் தவிர வேறு யார் குழலில் மாவை வைப்பார்கள்?

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாவிடம், "இது அக்கா செஞ்சதுங்கம்மா" என்றேன். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்கள். "கடையில வாங்குனது கண்ணு. பேசாம சாப்புடு" என்றார்கள். அத்தோடு நான் விட்டிருக்க வேண்டும். அம்மா நம்பவில்லை என்று நினைத்து அடுத்ததை எடுத்துக் காட்டி, "மூக்கைப் பாருங்கம்மா, துணிக்குழல் மூக்கு, அக்கா மட்டுந்தான் இப்படிச் செய்வா" என்று சொல்லிவிட்டேன்.

பின்னால் மனோஜ் அண்ணன் தண்ணீர் ஜக்கோடு நின்றுகொண்டிருந்தான். பெரியப்பா மகன் என்பதால் அன்றைக்குப் பந்தி விசாரிப்பு அவன்தான். "என்ன அம்மணி, பிஸ்கட்டுக்கு மூக்கெல்லாம் இருக்குதா? காதுகுத்துக்கு ஏத்த பலகாரந்தான்" என்றான். பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். "அண்ணனுக்கு ரெண்டு குடு" என்று கேட்டு டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு போனான்.

ஆல்வினை நான் என்னவென்று எழுதுவது என்று தெரியவில்லை. மாமா என்று எழுதிப் பார்த்தேன். எழுதலாமா? அவருடைய அப்பா மாசாணம் நம் வாழைத் தோப்பில் எவ்வளவு வருடம் வேலை செய்தார். நீங்கள் போன மறுநாள் மனோஜ் அண்ணன் ஆட்களோடு அவர் வீட்டுக்குப் போனது உனக்குத் தெரியும். அன்று முறிந்த மாசாணத்தின் கை இன்னும் நேராகவில்லை என்று கடையில் பேசிக்கொண்டார்கள். அந்த மனோஜ் அண்ணன் கையில்தான் இப்போது உன் குக்கீஸ் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று அப்பா கடைக்குப் போனதும் அம்மா பரணில் இருந்து உன் ஓவனை இறக்கினார்கள். "அந்த வாசனை இனி இந்த ஊட்டுக்குள்ள வரப்படாது" என்று அப்பா சொல்லி மேலே போட்ட ஓவன். அம்மாவே கடையில் இருந்து ஒரு அட்டைக் குழலும் கொண்டுவந்திருந்தார்கள். "லோகு செய்யற மாதிரி ஒண்ணு செஞ்சு காட்டு கண்ணு" என்றார்கள். வெண்ணெயும் பொடிச்ச சர்க்கரையும் மைதாவும் சரியாகத்தான் கலந்தேன். பீட்ரூட் சாற்றை அப்படியே ஊற்றியதால் அடுப்பில் செங்கல் நிறமாகப் போய்விட்டது. சுழியும் நடுவில் பிளந்துவிட்டது. அம்மா நிறத்தையும் பார்க்கவில்லை, தின்றும் பார்க்கவில்லை. ஓரத்து மூக்கை மட்டும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்கள். பிறகு எல்லாவற்றையும் கழுவி வைக்கச் சொன்னார்கள். சாயங்காலம் மனோஜ் அண்ணன் வந்தான். வாசலில் நின்று அம்மாவிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தான்.

அம்மா ஏன் அதைச் செய்யச் சொன்னார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் குழலைத் தூக்கிப் போட்டுவிடு. என்னை மன்னித்துவிடு.

கனிஷ்கா


போத்தனூர்,
30 ஆகஸ்ட்

கனிக் கண்ணு,

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே நின்றதில் ஒரு தட்டு கருகிவிட்டது. அதனால் முதல் திட்டை வாங்கிக்கொள். மற்றதற்குத் திட்டு இல்லை.

உளறிவிடுவாய் என்று நான் சொல்லாமல் வரவில்லை. அப்பா கேட்டால் "எனக்குத் தெரியாதுங்க" என்று நீ உண்மையாகவே சொல்ல வேண்டும் என்றுதான் சொல்லாமல் வந்தேன். பொய் சொன்னால் உன் காது சிவந்துவிடும். அது அப்பாவுக்கும் தெரியும். கதவைத் திறக்கும்போது உன்னை ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். நீ காலால் உதைத்தாய். அதோடு வந்துவிட்டேன்.

மாமா என்றே எழுது. படித்துக் காட்டினேன், அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாசாணம் மாமாவும் அத்தையும் வேறு ஊரில் இருக்கிறார்கள். கை அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றி நாங்கள் வீட்டில் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பேச ஆரம்பித்தால் அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விடுகிறார்.

இங்கே எங்களுக்கு ஒரு அறையும் அடுப்படியும். இனியா என்று ஒருத்தி, அவள் வீட்டுக்குப் பின்புறம். மாமா ரயில்வே வேலைக்கு ஆள் அனுப்புகிற காண்ட்ராக்டரிடம் எலக்ட்ரீஷியன். ரயில் போனால் வீடே ஆடும். துண்டு போட்டு அடுக்கிய குக்கீஸ் தட்டில் இருந்து தானாக நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வண்டி நேரம் பார்த்துத்தான் கத்தியை எடுக்கிறேன்.

நீ பயப்படுகிற மாதிரி என் பெயர் எங்கேயும் இல்லை. ஆர்டர் எடுப்பது, பேசுவது, இணையத்தில் பக்கம் நடத்துவது எல்லாம் இனியா. போன் நம்பரும் அவளுடையது. காதுகுத்துக்கு வாங்கினவர்கள் யார் என்றே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உப்பை அள்ளிப் போட்டிருப்பேன். குழலை நேற்றே தூக்கி எறிந்துவிட்டேன்.

அம்மாவைப் பற்றி நீ எழுதியதுதான் உறுத்துகிறது. அப்பாவை மீறி நம் அம்மா ஒரு சேலை எடுத்ததில்லை. இத்தனை மாதத்தில் எனக்காக ஒரு வார்த்தை பேசியிருப்பார்கள் என்றும் நான் நினைக்கவில்லை. அந்த வருத்தம் இருக்கிறது. ஆனால் மனோஜோடு சேர்ந்து என்னைத் தேடுகிற ஆள் இல்லை. என் குக்கீஸ் தின்ன ஆசையாக இருந்திருக்கும். சொல்ல வாய் வராமல் உன்னைச் செய்யச் சொல்லியிருப்பார்கள்.

பீட்ரூட்டை ஏன் சாறாக ஊற்றினாய்? சீவி, காயவைத்து, பொடித்து, சலித்துப் போடு. கூடவே நாலு சொட்டு எலுமிச்சை. அப்போதுதான் சூட்டிலும் சிவப்பு நிற்கும். நீலத்துக்குச் சங்குப்பூ, அதில் எலுமிச்சை பட்டால் ஊதாவாகிவிடும், ஆகவே கையைக் கழுவிவிட்டுத் தொடு. பச்சைக்கு முருங்கை இலைப் பொடி. சுழி பிளந்தது மாவு அதிகமாகக் குளிர்ந்த பிறகு சுருட்டியதால். விரல் வைத்தால் அமுங்குகிற பதத்தில் சுருட்டி, பிறகு குளிர வை.

இப்போது சந்தோஷமான சங்கதி. மேட்டுப்பாளையத்தில் இருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்திருக்கிறது. வருகிற வியாழக்கிழமை கிரகப்பிரவேசம். செய்து அனுப்பினால் போதாதாம். உருளைகளை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, அங்கேயே துண்டு போட்டு, அங்கேயே சுட்டுக் கொடுக்க வேண்டுமாம். கத்தி வைக்கிற நேரத்தில் உள்ளே இருக்கிற சுழி வெளியே வருகிறதைக் குழந்தைகள் பார்க்க வேண்டும் என்று கேட்டார்களாம். எவ்வளவு ரசனை பார். பேசியது ஒரு அம்மா. செய்கிறவங்களே நேரில் வரோணும் என்று இரண்டு மூன்று தடவை சொன்னாராம். நடுவில் நடுவில் பேச்சு நின்றுபோகுமாம். "செய்யறவங்க நல்லா இருக்காங்களா" என்று வேறு கேட்டாராம். "பலகாரம் கேக்கறவங்க பலகாரம் நல்லா இருக்குமான்னு கேப்பாங்க, இவங்க ஆளைக் கேக்கறாங்க" என்று இனியா சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

காரமடை ரோட்டில், எடைமேடைக்கு எதிரில், மயில் போட்ட பச்சை கேட். பழைய கிடங்கை வீடாக மாற்றியிருக்கிறார்களாம். மாமா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வருகிறார். இந்த ஒன்று நல்லபடியாக முடிந்தால் பெரிய ஓவன் வாங்கிவிடுவேன்.

நீ தூங்கு. காலாண்டுப் பரீட்சைக்குப் படி.

அக்கா


கோபி,
2 செப்டம்பர், செவ்வாய் இரவு

அக்கா, போகாதே.

மேட்டுப்பாளையத்துக்குப் போகாதே. இதை முதல் வரியில் எழுதிவிட்டேன். மீதியைப் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

காரமடை ரோட்டில் எடைமேடைக்கு எதிரில் மயில் போட்ட பச்சை கேட் நம்முடையது. பங்குனியில் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து வாங்கிய பாக்குக் கிடங்கு அது. உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வாங்கியது. பூஜைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். அந்த மயிலுக்கு ஒரு கண்தான் இருக்கும். அங்கே வீடு எதுவும் இல்லை. மூட்டைகளும் எடைத் தராசும்தான் இருக்கின்றன. கிரகப்பிரவேசம் யாருக்கும் இல்லை.

உன் கடிதத்தை ஷ்ரவ்யா வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். அந்த இடம் வந்ததும் எனக்குக் காது அடைத்துவிட்டது. ஷ்ரவ்யா என்ன கேட்டாள் என்றே தெரியவில்லை. பக்கத்தின் பெயரையோ இனியா அக்காவின் நம்பரையோ நீ எழுதியிருந்தால் அவள் அம்மாவின் போனில் இப்போதே சொல்லியிருப்பேன். எழுதவில்லையே.

வீட்டுக்கு வந்து சாவி மாட்டுகிற ஆணியைப் பார்த்தேன். கிடங்குச் சாவி இல்லை.

"கிடங்குச் சாவி எங்கேங்கம்மா?" என்றேன்.

"அது உனக்கெதுக்கு? போயிப் படி" என்றார்கள். அம்மா என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

அக்கா, இனியா அக்காவிடம் பேசியது அம்மாதான். எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. நான் செய்து காட்டிய மூக்கைப் பார்த்து, அது நீதான் என்று உறுதி செய்துகொண்டு, ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை மேட்டுப்பாளையம் வனபத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று அப்பாவிடம் உத்தரவும் கேட்டிருக்கிறார்கள். அப்பா சரி என்று சொல்லிவிட்டார். மனோஜ் அண்ணன் அப்போது சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். "நானே கார்ல கூட்டிட்டுப் போறனுங்க சித்தி" என்றான். "வேண்டாம் மனோஜு, பஸ்ஸுல போயிக்கறேன்" என்றார்கள் அம்மா. "செரிங்க சித்தி, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுச் சாவி ஆணியைத் திரும்பிப் பார்த்தான். அம்மாவும் பார்த்தார்கள். இருவரும் பேசி வைத்துக்கொண்டு என் முன்னால் நடிக்கிறார்களா?

நம் அம்மா அக்கா. நமக்குத் தலை வாரிவிட்ட அம்மா. நான் அவர்கள் போட்ட சோற்றைத்தான் இன்றைக்கும் தின்றேன். 

ஷ்ரவ்யாவின் அம்மா நாளை போஸ்ட் ஆபீஸ் திறந்ததும் இதை ஸ்பீட் போஸ்டில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்கவில்லை. மறுநாள் கிடைத்துவிடும் என்றார்கள். மறுநாள் என்றால் வியாழக்கிழமை. நீ எத்தனை மணிக்குக் கிளம்புவாய்?

அம்மன் இருப்பது உண்மை என்றால் இது உனக்குக் கிடைக்கட்டும்.

கனி


போத்தனூர்,
4 செப்டம்பர், இரவு

கனி,

நாங்கள் போகவில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்.

ஆட்டோ வந்து நின்றுவிட்டது. மாமா ஐஸ் பெட்டியை உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். நான் செருப்புப் போட்டுவிட்டேன். அப்போதுதான் தபால்காரர் வந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கும்போது, நீ ஏதோ பீட்ரூட் சந்தேகம் எழுதியிருப்பாய், பஸ்ஸில் படித்துக்கொள்ளலாம் என்று பையில் வைத்தேன். ஸ்பீட் போஸ்டில் எதற்குப் பீட்ரூட் என்று மாமாதான் கேட்டார். ஆட்டோவில் உட்கார்ந்து பிரித்தேன்.

உன் முதல் வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.  ஆட்டோக்காரர், "ஏனுங்க, போலாமா வேண்டாமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மாமா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு அவருக்கு ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினார்.

போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்றார். எழுத உட்கார்ந்தோம். யார் கூப்பிட்டது என்ற இடம் வந்தது. அம்மா பெயரை எழுதச் சொன்னார். கீ என்று எழுதினேன். அடுத்த எழுத்து வரவில்லை. மனோஜ் பெயரை எழுதச் சொல், பக்கம் பக்கமாக எழுதுவேன். அம்மா பெயரை எப்படி எழுதுவது? நான் உன்னிடம் அம்மாவுக்காக வாதாடினேனே, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு வாரமாக எந்த நிறத்தை வெளியே வைப்பது என்று யோசித்து யோசித்து நான் சுருட்டியது என்னைப் பிடித்துக் கொடுக்கிறவர்களுக்கு.

அந்த அம்மா இனியாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "கிளம்பிட்டாங்களா?" "பஸ்ஸுல வாராங்களா, கார்லயா?" "சாப்புட்டுட்டு வரவேண்டாம்னு சொல்லுங்க, இங்க சாப்பாடு இருக்குது." இனியா நான் சொல்லச் சொன்னபடி, வந்துகொண்டிருக்கிறார்கள் என்றே சொன்னாள். எனக்கு அப்போது அவ்வளவு ஆத்திரம். உட்கார்ந்து காத்துக் கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

மதியம் ஒரு அழைப்பு வந்தது. இனியா ஸ்பீக்கரில் போட்டாள். நம் அம்மா குரல்தான். எனக்குத் தெரியாதா. "வர வேண்டாம்னு சொல்லிருங்க. எங்கயும் வர வேண்டாம். எப்பவும் வர வேண்டாம்." அவ்வளவுதான், நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் போகவில்லை. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிடிபட்டுவிட்டோம் என்று தெரிந்து மிரட்டுகிறார்களா?

உருளைகளை என்ன செய்வது என்று தெரியாமல் எல்லாவற்றையும் சுட்டேன். ஒரு தட்டு இறக்கினால் ஒரு தட்டு. தெருப் பிள்ளைகள் வந்து வரிசையில் நின்று வாங்கித் தின்றார்கள். ஒவ்வொரு துண்டு வெட்டும்போதும் சுழி அவ்வளவு அழகாக வந்தது கனி. இப்படி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடு மாறுகிறோம். இனியாவும் நம்பரை மாற்றிவிடுகிறாள். புது விலாசத்தை ஷ்ரவ்யா வீட்டுக்கு எழுதுகிறேன். அதுவரை அம்மாவிடம் ஒன்றும் கேட்டுவிடாதே. உன்னை என்ன செய்வார்கள் என்று இனி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா


கோபி,
6 செப்டம்பர், சனி இரவு

அக்கா,

நீ கேட்காதே என்று எழுதியது இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. அதற்கு முன்பே கேட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை இருட்டிய பிறகு அம்மா வந்தார்கள். நெற்றியில் குங்குமம் இல்லை, கையில் பிரசாதம் இல்லை. சோற்றுக் கேரியரைத் துலக்கப் போட்டார்கள். மூடியைத் திறந்தேன். அரிசிம்பருப்புச் சோறு அப்படியே இருந்தது. அடுத்த அடுக்கில் நெய்யும் கத்திரிக்காய்ப் பொரியலும். உனக்குப் பிடித்த அப்பளம் நமத்துப்போய் இருந்தது.  பிடித்துக் கொடுக்கப் போகிறவர்கள் எதற்கு அப்பளம் பொரித்துக்கொண்டு போகிறார்கள்?

"நான்தானுங்கம்மா எழுதினேன். அக்காவைப் போக வேண்டாம்னு நான்தான் எழுதினேன்" என்றேன்.

அம்மா அடிப்பார்கள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்கள். கை முழுக்கச் சாம்பலும் சோப்பும். "நல்ல வேலை செஞ்ச கண்ணு" என்றார்கள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முத்தாத்தாள் அத்தை மருமகளிடம், நானும் ஒரு விசேஷத்துக்குச் சொல்லோணும் என்று கேட்டு நம்பர் வாங்கியிருக்கிறார்கள். உன்னை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எங்கே கூப்பிடுவது? "எனக்குன்னு நாலு செவுரு எங்க இருக்குது கண்ணு? இந்த ஊட்டுல இருக்கற சாவியில அவளுக்குத் தெரியாத இடம் அது ஒண்ணுதான். தெரிஞ்ச இடம்னா பயந்து வரமாட்டாளே" என்றார்கள். நான் மூக்கைச் செய்து காட்டிய பிறகுதான் நம்பிக்கை வந்ததாம். வாயில் போட்டபோதே தெரிந்துவிட்டதாம், ஆனாலும் கண்ணால் பார்க்காமல் நம்பப் பயமாக இருந்ததாம்.

மூட்டைகளை ஒதுக்கி, பாய் விரித்து, மேசையைத் துடைத்து, உனக்காக ஒரு ஸ்விட்ச் போர்டு கூட ஆள் வைத்துச் சரி செய்திருக்கிறார்கள். ஓவன் போடுவதற்கு.

மதியம் கார் வந்திருக்கிறது. மனோஜ் அண்ணனும் இன்னும் மூன்று பேரும். காரை உள்ளே விட்டுக் கேட்டைச் சாத்தினார்களாம். அம்மா பஸ் ஏறியதில் இருந்தே பின்னால் வந்து, அதுவரைக்கும் வெளியே காத்திருந்திருக்கிறான்.

"ஏனுங்க சித்தி, கோயிலுக்கு வந்தவங்க கிடங்குல என்னங்க பண்றீங்க?" என்றானாம். குரலை உயர்த்தவே இல்லையாம். "லோகு எத்தன மணிக்குங்க வாரா? அவனும் கூட வாரானுங்களா? நாங்க மூட்டைக்குப் பின்னால இருந்துக்கறோம். நீங்க எப்பவும் போல வாசல்ல நின்னு வா கண்ணுன்னு கூப்புடுங்க, போதும். வெயில்ல நிக்காதீங்க, சேர் போடச் சொல்றேன்" என்றானாம். நிஜமாகவே சேர் போட்டிருக்கிறார்கள் அக்கா. கூட வந்தவர்கள் காரின் டிக்கியைத் திறந்து எதையோ எடுத்துச் சாக்கில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்களாம். அது என்னவென்று நான் கேட்டேன். அம்மா சொல்லவில்லை.

நீங்கள் வராமல் நேரம் போனதால், எங்கே இருக்கிறாள் என்று கேளுங்கள் என்று சொல்லித்தான் போனில் பேச விட்டிருக்கிறான். அம்மா நீ கேட்ட அந்த வார்த்தைகளைச் சொல்லிவிட்டுப் போனைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டார்கள். "என்னங்க சித்தி, இப்படிப் பண்ணிப்போட்டீங்க" என்று மட்டும் சொன்னானாம். பிறகு அம்மாவைக் காரில் ஏற்றி வீட்டுத் தெருமுனை வரைக்கும் மரியாதையாகக் கொண்டுவந்து விட்டிருக்கிறான்.

அப்பாவுக்குச் சொல்லியாகிவிட்டது. அப்பா அம்மாவிடம் பேசுவதில்லை. எல்லாச் சாவிகளையும் கடைக்கு எடுத்துப்போய்விட்டார். ஓவனையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டாயிற்று. அம்மாவுக்குத் தெரிந்த நம்பர் முத்தாத்தாள் அத்தை வீட்டிலும் இருக்கிறது. மனோஜ் அண்ணன் அங்கே போகாமல் இருக்க மாட்டான். அதனால் ஞாயிறு வரைக்கும்கூட அங்கே இருக்காதீர்கள் என்று எழுத நினைத்தேன். ஆனால் இது கிடைக்கும்போது ஞாயிறு முடிந்திருக்கும். நீங்கள் போயிருக்க வேண்டும். இனியா அக்கா இதை உன்னிடம் சேர்த்துவிடுவார்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

நான் அம்மாவைத் தப்பாக நினைத்தேன். அப்படித் தப்பாக நினைக்காமல் இருந்திருந்தால் உன்னைப் போக வேண்டாம் என்று எழுதியிருக்க மாட்டேன். போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வா என்று எழுதியிருப்பேன்.  

நான் உனக்கு எழுதுவது அம்மாவுக்கு இப்போது தெரியும். இதை எழுதும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே கொஞ்சம் இடம் விடு என்றார்கள். நான் வேண்டாம் என்று அழுதேன். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். காலையில் இருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் பேனாவைக் கொடுத்துவிட்டேன்.

கனி


லோகு கண்ணு,

நல்லா இருக்கியா. மாப்பிள்ளை நல்லா இருக்காரா. அவங்க அப்பா கைக்கு நல்ல டாக்டராப் பாக்கச் சொல்லு. அவங்க மொகத்துல முழிக்க எனக்கு யோக்கியதை இல்ல.

நீ பண்ணுனது நல்லா இருந்துச்சு. வாயில போட்டதுமே கரைஞ்சுபோச்சு.

புது விலாசத்தைக் கனிக்கு எழுதாத. அவ சின்னப் பொண்ணு, காது செவந்துரும். எனக்கும் தெரிய வேண்டாம் சாமி. தெரிஞ்சா நான் வராம இருக்க மாட்டேன்.

அம்மா